பிரம்பு கைமாறிய கதை

2021 அக்டோபரில் சிதம்பரத்து வகுப்பறை ஒன்றிலிருந்து ஒரு காணொளி வெளியே வந்தது. பன்னிரண்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் தரையில் மண்டியிட்டிருக்கிறான். ஆசிரியர் அவன் முடியைப் பிடித்துக்கொண்டு பிரம்பால் அடிக்கிறார், பிறகு காலால் உதைக்கிறார். இயற்பியல் வகுப்புக்கு மட்டம் போட்டதுதான் அவன் செய்த குற்றம். கொரோனாவுக்குப் பிறகு பெரிய வகுப்புகள் திறந்து ஆறு வாரம்தான் ஆகியிருந்தது. அத்தனை மாதம் வீட்டிலும் தெருவிலும் கிடந்த பிள்ளைகளுக்கு மணியடித்தால் உட்கார்ந்து மணியடித்தால் எழுகிற பழக்கமே விட்டுப்போயிருந்தது, ஆசிரியர்களுக்கும்தான். காணொளி பரவியது, ஆசிரியர் கைதானார், சில நாள் தொலைக்காட்சியில் ஓடியது, அடங்கியது.

அந்தப் படத்தைப் பார்க்கும்போது என் கவனம் அந்த அறையில் இருந்த மற்றப் பையன்கள் மேல்தான் போயிற்று. யாரும் குறுக்கே போகவில்லை. போக முடியாது என்பது பள்ளிக்கூடம் போன எல்லோருக்கும் தெரியும். பதினேழு வயதுப் பையன்கள் கூடியிருக்கும் அறையில் ஒருவன் உதைபடும்போது மற்றவர்கள் அன்றைய பாடத்தைக் கற்றுக்கொண்டுதான் இருக்கிறார்கள். யார் யாரை அடிக்கலாம், யார் திருப்பி அடிக்கக் கூடாது, பார்த்துக்கொண்டிருப்பவன் என்ன செய்ய வேண்டும் என்ற பாடம். அதற்குத் தேர்வு வகுப்பறையில் நடக்காது. சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் நடக்கும்.

பள்ளியின் பெயர் அரசு நந்தனார் ஆண்கள் மேல்நிலைப் பள்ளி. 1890இல் ஆரணிப் பக்கம் பிறந்து, துறவியாகச் சிதம்பரம் வந்து சேர்ந்த சுவாமி சகஜானந்தர் 1916இல் இங்கே நந்தனார் கல்விக் கழகத்தைத் தொடங்கினார். ஊர்ப் பள்ளித் திண்ணையில் ஏற முடியாத சேரிப் பிள்ளைகளுக்கு, ஏறினால் அடி வாங்கும் பிள்ளைகளுக்கு, பயமில்லாமல் உட்கார்ந்து படிக்க ஓர் இடம் வேண்டும் என்பது அவருடைய கணக்கு. 1959இல் கண்மூடும்வரை அந்தப் பள்ளியும் விடுதியும்தான் அவருக்கு உலகம். சட்டமன்றத்தில் போய் உட்கார்ந்ததும் அந்தப் பிள்ளைகளுக்காகவே. அடிக்குத் தப்பிப் படிப்பதற்காக எழுந்த பள்ளியில்தான் நூற்றைந்து ஆண்டு கழித்து அந்த உதை விழுந்தது. அந்தப் பள்ளிக்கு மட்டும் உரிய குறை இது என்று ஒதுக்கிவிட முடியாது. அன்றைக்கு அங்கே கைப்பேசி இருந்தது, அவ்வளவுதான்.

விடலைப் பையன்கள் பள்ளியில் ஒருவரையொருவர் அடித்துக்கொள்வதைப் பற்றி எழுத வந்துவிட்டு வாத்தியார் அடித்ததில் ஏன் தொடங்குகிறீர்கள் என்று கேட்கலாம். இரண்டையும் தனித்தனியாகப் பேசிப் பேசித்தான் இரண்டுமே நமக்குப் புரியாமல் போயின என்று நினைக்கிறேன்.

திண்ணைப் பள்ளிக்கூடத்தை நாம் ஏக்கத்தோடு நினைக்கிறோம். அதற்குள் நடந்தது கொஞ்சம் வேறு. அன்றைய சென்னை மாகாணத்தின் பெல்லாரிக்குக் கலெக்டராக இருந்த கேம்பெல் 1823இல் அரசுக்கு அனுப்பிய அறிக்கையில் ஒரு காலைப் பொழுதைக் காட்டுகிறார். முதலில் வந்து சேரும் பிள்ளையின் உள்ளங்கையில் சரஸ்வதி பெயரை எழுதுவார்கள். இரண்டாவதாக வருகிறவனுக்கு ஒரு சுழி. பாராட்டும் இல்லை, பழியும் இல்லை. மூன்றாமவனுக்கு மெதுவாக ஓர் அடி, நான்காமவனுக்கு இரண்டு, பிறகு வருகிற ஒவ்வொருவனுக்கும் ஒவ்வொன்று கூடும். முப்பதாவதாக ஓடி வருகிறவனின் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். படிக்காதவனை இரண்டு கையையும் கட்டிக் கூரையிலிருந்து தொங்கவிடுவார்கள். தமிழ்நாட்டில் இதற்குக் கோதண்டம் என்று பெயர். ஓயாமல் உட்கார்ந்து எழச் செய்வதும் உண்டு. அது உடம்புக்கு நல்லதாகவும் இருக்கலாம் என்று கலெக்டர் சேர்த்துக்கொள்கிறார்.

இதில் வாத்தியாரைவிடக் கவனிக்க வேண்டிய ஆள் சட்டாம்பிள்ளை. உ.வே. சாமிநாதையர் தம் பிள்ளைப் பருவத்துப் பள்ளியை நினைவுகூரும்போது, பிள்ளைகள் உபாத்தியாயருக்குப் பயந்ததைவிடச் சட்டாம்பிள்ளைக்கு அதிகம் பயந்தார்கள் என்கிறார். வாத்தியார் ஊரில் இல்லாதபோது பள்ளியே அவன் கையில். இந்த ஏற்பாட்டுக்கு நல்ல பக்கமும் உண்டு. 1790களில் எழும்பூர் அனாதை இல்லத்தில் வேலை பார்த்த ஆண்ட்ரூ பெல், மணலில் எழுதிப் பழகும் பிள்ளைகளைப் பார்த்து, தெரிந்த பிள்ளை தெரியாத பிள்ளைக்குச் சொல்லித்தரும் முறையை வகுத்து, மெட்ராஸ் முறை என்று இங்கிலாந்துக்கே கொண்டுபோனார். நம் திண்ணையில் பாடத்தோடு சேர்த்துப் பிரம்பையும் வாத்தியார் பையன் கையில் கொடுத்துவிட்டார். ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளையை அடிக்கலாம், அதற்குப் பெரியவர்களின் சம்மதம் உண்டு என்பது நம் பள்ளிக்கூடத்தின் முதல் விதிகளில் ஒன்றாகிவிட்டது. பெற்றோர் தரப்புச் சம்மதமும் கூடவே வந்தது: கண்ணை மட்டும் விட்டுவிட்டுத் தோலை உரியுங்கள்.

சட்டாம்பிள்ளை இன்று லீடர். ஆசிரியர் வரும்வரை பேசியவர்கள் பெயரைக் கரும்பலகையில் எழுதுவது அவன் வேலை. பெயருக்குப் பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி விழும். மறுபடி பேசினால் இன்னொன்று. யார் பெயரை எழுதாமல் விடுகிறான், யார் பெயருக்குக் குறி கூட்டுகிறான் என்பதில் நட்பு, பகை, பயம், ஒரு பாக்கெட் மிக்சர் எல்லாம் இருக்கும். அழிக்கச் சொல்லி அவனை ஒருவன் முறைப்பான். அன்றைக்குச் சண்டை அங்கேதான் தொடங்கும்.

பள்ளிச் சண்டைகளின் காரணங்களை வெளியிலிருந்து கேட்டால் சிரிப்பு வரும். முறைத்தான். பட்டப்பேர் வைத்தான். அப்பா பேரைச் சொல்லிக் கூப்பிட்டான். கடைசிக் காரணம் ஏறக்குறைய எல்லா ஆண்கள் பள்ளிக்கும் பொது. ரெக்கார்டு நோட்டிலோ வருகைப் பதிவேட்டிலோ இன்னொருவனின் அப்பா பெயரைத் தெரிந்துகொண்டு, மைதானத்தின் அந்தக் கோடியிலிருந்து அந்தப் பெயரை உரக்கக் கத்துவது. பெயரில் ஒரு தவறும் இல்லை. ஆனால் வீட்டில் பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாத மனிதரை நூறு பேர் நடுவில் ஒருமையில் கூப்பிட்டாகிவிட்டது. கூப்பிடப்பட்டவன் சும்மா இருந்தால் நாளைக்கு எல்லோரும் கூப்பிடுவார்கள். அடித்தால் டி.சி. பதினைந்து வயதில் இந்த இரண்டுக்கும் நடுவே மூன்றாவது வழி இருக்கிறது என்று யாரும் அவனுக்குச் சொல்லித்தரவில்லை. அந்த அப்பா கூலிக்காரராக இருந்து, கூப்பிட்டவன் நிலக்காரர் வீட்டுப் பையனாக இருந்துவிட்டால் விவகாரம் மைதானத்தோடு முடிவதும் இல்லை. (பெண்கள் பள்ளியில் கை ஓங்குவது குறைவு, அங்கே பேசாமல் ஒதுக்குவதே ஆயுதம். அது தனிக் கட்டுரைக்கு உரியது.)

இந்தச் சண்டைகளைப் பேசும்போது நாம் மறந்துபோகும் ஓர் ஆண்டு 1978. அதுவரை பதினொன்றாம் வகுப்போடு பள்ளி முடிந்தது. அடுத்த ஆண்டு கல்லூரியில் பி.யு.சி. 1978இல் பிளஸ் டூ வந்தது. மீசை அரும்பி, குரல் உடைந்து, கல்லூரி வளாகத்தில் சார் போட்டுப் பேசக் கற்றுக்கொள்ள வேண்டிய வயதில் இருந்தவர்கள் பள்ளிச் சீருடைக்குள்ளேயே தங்கினார்கள். பத்தாம் வகுப்பு வரை ஊருக்குப் பக்கத்து உயர்நிலைப் பள்ளியில் படித்துவிட்டு, பதினொன்றுக்குப் புவனகிரி, கிள்ளை, பரங்கிப்பேட்டை, காட்டுமன்னார்கோவில் வழிகளிலிருந்து பிள்ளைகள் நகரத்துப் பெரிய பள்ளிகளுக்கு வந்து சேர்கிறார்கள். ஜூன் மாதத்து முதல் சில வாரங்களில் யாருக்கும் யாரையும் தெரியாது. யார் கெத்து என்பது அந்த வாரங்களில்தான் முடிவாகிறது. ஊர் ஊராகச் சேர்ந்து உட்கார்கிறார்கள், ஊர் ஊராகப் பஸ் ஏறுகிறார்கள். எந்த ஊரில் எந்தத் தெரு என்று கேட்டாலே மிச்சம் தெரிந்துவிடும்.

பழைய தென்னாற்காடு மாவட்டத்தில் அந்த மிச்சம், அதாவது சாதி, லேசான சங்கதி அல்ல. 1987 செப்டம்பரில் வன்னியர் சங்கம் நடத்திய ஒரு வாரச் சாலை மறியலில் மரங்கள் சாய்ந்தன, குடிசைகள் எரிந்தன, துப்பாக்கிச் சூடு நடந்தது, 21 பேர் உயிரிழந்தார்கள் என்று சங்கம் இன்றும் நினைவுநாள் அனுசரிக்கிறது. 1999இல் சிதம்பரம் நாடாளுமன்றத் தொகுதியில் தொல். திருமாவளவன் முதன்முதலாக நின்றபோது, வாக்குப்பதிவை ஒட்டிச் சேரிகள் தாக்கப்பட்டு வீடுகள் எரிந்தன. 2003இல் விருத்தாசலம் பக்கத்தில் பதிவுத் திருமணம் செய்துகொண்ட கண்ணகியையும் முருகேசனையும் ஊர் கூடிக் கொன்றது. முருகேசன் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்தவர். கடலூர் நீதிமன்றம் தீர்ப்புச் சொல்ல 2021 ஆயிற்று. அந்த வழக்கு நடந்த பதினெட்டு ஆண்டுகளில் ஒரு குழந்தை பிறந்து பிளஸ் டூ முடித்திருக்கும். பெரியவர்கள் இந்த நிகழ்ச்சிகளை வீட்டில் எப்படிச் சொன்னார்களோ அப்படியே பையன்கள் பள்ளிக்குக் கொண்டுவருகிறார்கள். ஒரு வீட்டின் வீரக் கதை பக்கத்து பெஞ்சுக்காரன் வீட்டில் எரிந்த கூரை.

தென் மாவட்டங்களில் இந்தச் சாதிப் பிரிவு கையில் கட்டும் வண்ணக் கயிறாக வெளியே தெரிந்தது. 2019இல் பள்ளிக் கல்வி இயக்குநர் கயிறு, மோதிரம், நெற்றிப் பொட்டு என்று சாதி காட்டும் அடையாளங்களைக் கண்டறிந்து தடுக்கச் சொல்லிச் சுற்றறிக்கை அனுப்பினார். எதிர்ப்புக் கிளம்பியதும் அன்றைய கல்வி அமைச்சர், ஏற்கெனவே உள்ள நிலையே தொடரும் என்று முடித்துவைத்தார். நான்கு ஆண்டு கழித்து, 2023 ஆகஸ்டில், நாங்குநேரியில் பன்னிரண்டாம் வகுப்பு படித்த தலித் மாணவனையும் அவன் தங்கையையும் கூடப் படித்தவர்களே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். அவன் செய்ததெல்லாம், ஏன் பள்ளிக்கு வரவில்லை என்று ஆசிரியர்கள் கேட்டபோது உண்மையைச் சொன்னது. புகார் கொடுத்தால் பள்ளி காப்பாற்றும் என்ற நம்பிக்கையை அந்த இரவு எத்தனை பிள்ளைகளிடமிருந்து பறித்திருக்கும் என்பதை எந்தக் கணக்கெடுப்பும் சொல்லாது. கடலூர்ப் பக்கம் கயிறு அவ்வளவு கண்ணில் படாது என்கிறார்கள். கைப்பேசி ஸ்டேட்டஸில் கொடியின் நிறம் போதும்போது மணிக்கட்டு எதற்கு?

சிதம்பரத்துக்கு இதில் இன்னொரு பழைய காயம் உண்டு. 1996 நவம்பர் 6 அன்று அண்ணாமலைநகர் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியின் முதலாண்டு மாணவர் பொன் நாவரசு காணாமல் போனார். அவருடைய தந்தை பொன்னுசாமி சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்தவர். மகனின் உடல் எப்படிக் கிடைத்தது என்பதை அன்று செய்தித்தாள் படித்தவர்கள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். நான் திரும்பச் சொல்லப்போவதில்லை. விடுதியில் மூத்த மாணவர் ஒருவர் இட்ட கட்டளைகளுக்கு நாவரசு பணிய மறுத்ததே கொலைக்குக் காரணம் என்றது வழக்கு. 1998 மார்ச்சில் கடலூர் செஷன்ஸ் நீதிமன்றம் அந்த மூத்த மாணவருக்கு இரட்டை ஆயுள் தண்டனை விதித்தது. 2001இல் சென்னை உயர் நீதிமன்றம் விடுவித்தது. 2011 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் கடலூர்த் தீர்ப்பையே சரியென்று நிலைநிறுத்தியது.

தமிழ்நாடு உடனே ராகிங் தடைச் சட்டம் இயற்றியது. 1996 டிசம்பரில் அவசரச் சட்டம், 1997இல் முழுச் சட்டம். 2009இல் இமாச்சலப் பிரதேசத்தில் இன்னொரு மருத்துவ மாணவர் இறந்த பிறகு பல்கலைக்கழக மானியக் குழுவும் நாடு முழுமைக்கும் விதிகள் வகுத்தது. இன்று எந்தக் கல்லூரி வாசலிலும் தடுப்புக் குழுவின் தொலைபேசி எண் எழுதிய பலகை இருக்கிறது. பலகை கல்லூரி வாசலோடு நின்றுவிட்டது. பள்ளி விடுதியில் எட்டாம் வகுப்புப் பையனின் தட்டிலிருந்து முட்டையை எடுத்துக்கொள்ளும் பிளஸ் டூ அண்ணன், துணி துவைக்கச் சொல்லும் அண்ணன், மறுத்தால் இரவில் போர்வையை மூடி அடிக்கும் அண்ணன்கள், இவர்கள் யாரும் அந்தப் பலகைக்குள் வருவதில்லை. பசங்க விளையாட்டு என்று வார்டன் சொல்லிவிட்டுப் போய்விடுவார். பதினெட்டு வயதில் விடுதி அறையில் ஒருவரைப் பணியவைக்கத் துடிக்கும் கை பதின்மூன்று வயதிலேயே எங்கோ பழகியிருக்கும் என்பது என் எண்ணம். அதை நிரூபிக்கச் சொன்னால் என்னிடம் ஆதாரம் கிடையாது. பள்ளி விடுதியில் வளர்ந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

நம் ஊர்ப் பிள்ளைகள் மட்டும் கெட்டுவிட்டார்கள் என்று புலம்பவும் இடமில்லை. யுனெஸ்கோ 2019இல் பல நாடுகளின் கணக்கெடுப்புகளைச் சேர்த்துப் பார்த்தபோது, மாணவர்களில் 36 சதவீதம் பேர் முந்தைய ஓராண்டில் சக மாணவரோடு கைகலப்பில் இறங்கியிருந்தார்கள்; 32 சதவீதம் பேர் ஒருமுறையாவது தாக்கப்பட்டிருந்தார்கள். இந்தியாவில் மத்திய அரசு 2007இல் வெளியிட்ட குழந்தைகள் மீதான கொடுமை பற்றிய ஆய்வில், பள்ளி போகும் பிள்ளைகளில் மூன்றில் இரண்டு பங்கினர் ஆசிரியரிடம் அடி வாங்கியதாகச் சொன்னார்கள். வீட்டுக்குள் பார்த்தால், ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் மணமான பெண்களில் 38 சதவீதம் பேர் கணவனின் வன்முறையை அனுபவித்தவர்கள். அந்த வீடுகளில் பிள்ளைகள் இருந்தார்கள். ராத்திரி அப்பா அடித்ததைப் பார்த்துவிட்டுக் காலையில் சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு பிரேயருக்கு வந்து நிற்கும் பையனிடம் நாம் திருக்குறள் கேட்கிறோம்.

2003இல் தமிழ்நாடு கல்வி விதிகளின் 51ஆம் விதி திருத்தப்பட்டு உடல் தண்டனை சட்டப்படி நின்றது. 2009இன் கல்வி உரிமைச் சட்டம் அதை நாடு முழுமைக்கும் உறுதிசெய்தது. சரியான சட்டங்கள், அவற்றில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் இருநூறு ஆண்டு ஒரு பள்ளியை நடத்திய கருவியை எடுத்தவர்கள் அந்த இடத்தில் எதையும் வைக்கவில்லை. ஒரு வகுப்பில் அறுபது பையன்கள், நான்கு பீரியட் தொடர்ந்து நின்று பேசிய தொண்டை, நூறு சதவீதத் தேர்ச்சி காட்டச் சொல்லும் மேலதிகாரி. இந்த ஆசிரியரிடம் பிரம்பைத் தொடாதே என்று சொன்ன அரசு, வேறெதைத் தொடலாம் என்று சொல்லவில்லை. அதனால்தான் ஆசிரியர் அறைகளில் பிரம்பு திரும்ப வேண்டும் என்ற பேச்சு ஓய்வதே இல்லை. அந்த வருத்தம் எனக்குப் புரிகிறது; முடிவோடுதான் உடன்பாடு இல்லை. பிரம்பு இருந்த காலத்திலும் பையன்கள் அடித்துக்கொண்டார்கள். பிரம்பு செய்ததெல்லாம் சண்டையைக் காம்பவுண்டுக்கு வெளியே தள்ளியது.

2022இல் மாணவர்கள் ஆசிரியர்களிடம் அத்துமீறும் காணொளிகள் அடுத்தடுத்து வந்தபோது, ஒழுங்கீனம் செய்யும் மாணவர் நிரந்தரமாக நீக்கப்படுவார், மாற்றுச் சான்றிதழில் காரணமும் எழுதப்படும் என்று பள்ளிக் கல்வி அமைச்சர் மே மாதம் சட்டமன்றத்தில் அறிவித்தார். பிரம்பாவது அடித்த தழும்போடு பையனைப் பள்ளியிலேயே வைத்திருந்தது. டி.சி. அவனைச் சரியாக எங்கே அனுப்பும் என்பது கடலூர் மஞ்சக்குப்பத்திலோ சிதம்பரம் மேலவீதியிலோ மாலை நேரம் நின்று பார்த்தால் தெரியும்: மெக்கானிக் ஷெட், கட்சி அண்ணனின் பைக், புதுச்சேரி எல்லைக்கு அந்தப் பக்கத்து மதுக்கடை. அங்கே அவனுக்குக் கிடைக்கும் மரியாதை பள்ளி ஒருநாளும் கொடுக்காதது.

பிரம்பும் டி.சி.யும் இல்லாத வழியைத் தேடிப் பார்த்தவர்களும் உண்டு. நார்வேயில் 1982இன் இறுதியில் மூன்று சிறுவர்கள் தற்கொலை செய்துகொண்டார்கள். கூடப் படித்தவர்களின் கொடுமை தாங்காமல் என்று நம்பப்பட்டது. அடுத்த ஆண்டே அரசு நாடு தழுவிய இயக்கம் தொடங்கியது. டான் ஆல்வியஸ் என்ற உளவியலாளர் பெர்கன் நகரின் 42 பள்ளிகளில் இரண்டரை ஆயிரம் பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்தார். அவருடைய வைத்தியத்தில் மாயம் ஒன்றும் கிடையாது: இடைவேளையில் மைதானத்தில் ஆசிரியர்கள் நடமாட வேண்டும், வகுப்பு கூடிப் பேச வேண்டும், அடித்தவனிடமும் அடிபட்டவனிடமும் அவர்கள் பெற்றோரிடமும் அன்றைக்கே பேச வேண்டும், தண்டனை உண்டு, அதில் கை ஓங்குதல் இல்லை. கொடுமைகள் பாதியளவு குறைந்தன என்று அவர் கணக்குக் காட்டினார். மற்ற நாடுகளில் அதே அளவு பலிக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். நார்வேயின் வகுப்பில் அறுபது பேர் இல்லை, சேரியும் ஊரும் இல்லை.

நாங்குநேரிக்குப் பிறகு அமைத்த ஒருநபர் குழுவின் அறிக்கையை நீதியரசர் சந்துரு 2024 ஜூனில் முதல்வரிடம் கொடுத்தார். 610 பக்கம். கயிறும் பொட்டும் கூடாது, பள்ளிப் பெயர்களில் சாதி கூடாது என்ற பரிந்துரைகளே தலைப்புச் செய்தியாகி, அவற்றைச் சுற்றியே சண்டையும் நடந்தது. அறிக்கையில் எனக்கு முக்கியமாகப் பட்டது அதிகம் பேசப்படாத ஒரு பரிந்துரை: 500 மாணவருக்கு மேல் படிக்கும் பள்ளி ஒவ்வொன்றுக்கும் ஒரு பள்ளி நல அலுவலர். பாடம் நடத்தாத, மதிப்பெண் போடாத, பையன்கள் சண்டையை அது பஸ் ஸ்டாண்டுக்குப் போகும் முன்பே காதில் வாங்குவதற்கென்றே சம்பளம் வாங்கும் ஒரு பெரிய மனிதர். கடலூரிலும் சிதம்பரத்திலும் பெரிய மேல்நிலைப் பள்ளிகளுக்கு இந்தக் கணக்குப் பொருந்தும்.

அப்படி ஒருவர் இல்லாத பள்ளியில் அந்த வேலையைப் பார்ப்பவர் பி.டி. சார்தான். யார் யாரோடு பேசுவதில்லை, யார் எந்தப் பஸ்ஸைத் தவிர்க்கிறான் என்பது தலைமையாசிரியருக்கு முன்பே அவருக்குத் தெரிந்துவிடும், ஏனென்றால் அணி பிரிக்கும்போது பார்க்கிறார். ஜனவரி பிறந்து பொதுத்தேர்வு நெருங்கினால் அவருடைய பீரியடைக் கணக்கு வாத்தியார் கேட்டு வாங்கிக்கொள்வார். அடுத்த வாரம் வேதியியல்.